இரையும் ஈகையும்

நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு மிக இளமையிலேயே கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று தானம். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் என்னும் நான்கையும் விரல்விட்டு எண்ணிப் பழகித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். ஆயினும் இந்நான்கும் தனித்தனியே நிற்கக்கூடியவையா, அன்றி ஒன்றை நீக்கினால் மற்றொன்று பொய்த்துப் போகுமா என்னும் வினாவை நான் நெடுங்காலம் எழுப்பிப் பார்த்ததில்லை. அண்மையில் வந்த ஒரு கடிதமே அதனை எழுப்பியது.

கடிதம் எழுதியவர் பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவர், நம் சமூகத்தவர், இன்று குடும்பத்துடன் அமெரிக்காவில் வாழ்கிறார். ஊருக்கு வெளியே வீட்டையொட்டிச் சில ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். அதன் ஒரு மூலையைத் தமக்குக் குத்தகைக்குத் தருமாறு பக்கத்து நிலத்துக்காரர் கேட்கிறாராம். அவர் அங்கே பயிரிட விரும்புவது மனிதர் உண்பதற்கன்று, மான்கள் மேய்வதற்கு. கிளோவர் என்னும் தீவனச் செடி, ஓட்ஸ், சிக்கரி, டர்னிப் முதலியவற்றை விதைத்து, உரமிட்டு, களை நீக்கி வளர்ப்பார்கள். காட்டோரத்து மான்கள் அந்த இளந்தளிருக்குப் பழகி நாள்தோறும் வந்து செல்லும். இலையுதிர்காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்கியதும், அருகிலுள்ள மரத்தின் மீது கட்டிய பரணில் வேட்டைக்காரர் அமைதியாகக் காத்திருப்பார். மான் வழக்கம்போல் மேய வரும். அந்நாட்டில் இது ஒளிவுமறைவான செயலன்று. இதற்கென விதைக் கலவைகளே கடைகளில் விற்கப்படுகின்றன.

மாணவர் கேட்டது இதுதான்: “அம்மா, நான் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை. நிலத்தை மட்டுமே தருகிறேன். விதைப்பவர் வேறொருவர், சுடுபவர் வேறொருவர். ஆண்டு முழுதும் உயிர்களுக்கு உணவாகும் ஒரு பயிர் என் நிலத்தில் விளைவதனால் எனக்குப் பாவம் உண்டா?”

இதற்கு ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுத அமர்ந்தபோது எழுத இயலவில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

அயல்நாட்டு வழக்கம் என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. உணவைக் காட்டி உயிரை வரவழைக்கும் முறை நம் மண்ணிலும் தொன்மையானது. ஒரு விலங்கைப் பழக்கி, அதனைக் காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும் வழக்கத்துக்குப் ‘பார்வை’ என்று தமிழில் தனிச்சொல்லே உண்டு. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவனுக்கு உவமை தேடியபோது, புதரில் மறைந்திருந்து பறவைகளைப் பிடிக்கும் வேடனையே கண்டார். படிப்பவர்க்கெல்லாம் தெரிந்த காட்சியாக அது இருந்திருக்க வேண்டும்.

இராஜஸ்தானத்தில் பரத்பூருக்கு அருகிலுள்ள கேவலாதேவ் என்னும் பறவைகள் சரணாலயத்தை அன்பர்கள் அறிவார்கள். இன்று உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படும் அவ்விடம் முதலில் பறவைகளைக் காப்பதற்காக உருவானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சமஸ்தானத்து மன்னர்கள் தாழ்நிலத்துக்கு வாய்க்கால் வழியே நீரைத் திருப்பி, கரைகளும் மதகுகளும் அமைத்து, வாத்துகள் விரும்பித் தங்கும் சதுப்பாக அதனை விரிவாக்கினார்கள். வேட்டை விருந்துக்காகவே அவ்வளவும் நடந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்த எண்ணிக்கை அங்கேயே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. குளிருக்கு அஞ்சி இமயத்தைக் கடந்து வந்த உயிர்களுக்கு நீரும் இரையும் இருக்கும் இடம் என்று காட்டியவர்களே துப்பாக்கியுடன் காத்திருந்தார்கள்.

அரசர்கள் செய்ததை அவர்களோடு விட்டுவிடலாம் என்றால், நம் காலத்தில் நடப்பது அதனினும் கொடிது. கோயம்புத்தூர்ப் பகுதியில் ‘அவுட்டுக்காய்’ என்று சொல்கிறார்கள். காட்டுப்பன்றி விரும்பும் உணவுக்குள் வெடிமருந்தை வைத்துப் போட்டுவிடுவது. கடித்தவுடன் வாய் சிதறும். 2020 மே 27 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்று நீருக்குள் நின்றவாறே உயிர்விட்ட சினை யானையை நாடே கண்டு கலங்கியது. வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாயும் நாவும் புண்ணாகிப் பல நாள் எதுவும் உண்ண இயலாமல், வேதனையைத் தணிக்க அது ஆற்றில் இறங்கி நின்றது. பன்றிக்கு வைத்தது யானைக்கு ஆயிற்று என்று சமாதானம் கூறப்பட்டது. பன்றிக்கு மட்டும் வாயில்லையா, வலியில்லையா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

நம் பகுதியையும் நோக்குவோம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் காரைக்கால் முதல் கோடியக்கரை வரையுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் உப்பங்கழிகளிலும் எத்தனை பறவைகள்! கொக்கும் மடையானும் நாரையும் உள்ளூர் உறவினர். உள்ளானும் சிறகியும் தொலைதூர விருந்தினர். இந்த விருந்தினரை வலையும் கண்ணியும் வைத்துப் பிடித்து, இறைச்சிக்காக மறைவாக விற்கும் வழக்கம் டெல்டா மாவட்டங்களில் இன்னும் ஒழியவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும்போது கொல்வதை மட்டும் கூறவில்லை. நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், விரட்டுதல் ஆகியவற்றோடு இரை வைத்து ஈர்த்தலையும் அச்சொல்லுக்குள் அடக்குகிறது. அவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. அச்சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. அப்போதும் உப்பு நக்க வரும் இடத்திலும் நீர் குடிக்க வரும் துறையிலும் விலங்கைக் கொல்லலாகாது என்று ஒரு விதி இருந்தது. நீர்ப்பறவைகளுக்கும் கௌதாரியை ஒத்த ஒரு பாலைநிலப் பறவைக்கும் மட்டும் அந்தக் காப்பு அளிக்கப்படவில்லை. 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிம வேட்டை என்பதே நீங்கிற்று.

அமெரிக்கச் சட்டமும் இந்த உறுத்தலை உணர்ந்தே இருக்கிறது. தானியம் தூவி வாத்துகளை வரவழைத்துச் சுடுவது அங்கே 1935 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தூவிய தானியம் முழுவதையும் அகற்றிய பின்னரும் பத்து நாள்கள் வரை அவ்விடம் இரையிட்ட இடமாகவே கருதப்படும். ஆனால் அறுவடை செய்யாமல் நிற்கும் பயிரின் மீது வந்திறங்கும் வாத்தைச் சுடுவதற்குத் தடையில்லை. மான் வேட்டையில் இரை கொட்டுவதைத் தடுக்கும் மாநிலங்கள்கூட, விதைத்து வளர்த்த மேய்ச்சல் பயிரைப் பொதுவாக அனுமதிக்கின்றன. தூவிய தானியம் குற்றம். முளைத்த தானியம் குற்றமன்று. சட்டம் கண்ணுக்குப் புலப்படும் செயலை வைத்தே கோடு கிழிக்க முடியும். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விதைப்பவன் மனத்தில் இருப்பது இரண்டிலும் ஒன்றே என்பதை நாம் மறக்கலாகாது.

மாணவரின் அண்டை வீட்டார் தம் பக்கத்து நியாயங்களையும் கூறியிருக்கிறார். அவற்றைக் கேளாமல் தள்ளுவது அநேகாந்தம் பயின்ற நமக்கு அழகன்று.

முதலாவது, ஓநாய் முதலிய விலங்குகள் பல பகுதிகளில் ஒழிக்கப்பட்டுவிட்டதால் மான்கள் பெருகிவிட்டன, பயிரை அழிக்கின்றன, சாலையில் ஊர்திகளில் மோதி மடிகின்றன. ஆகையால் வேட்டை வேண்டியதாகிறது என்பது. மான் பெருக்கம் உண்மையே. ஆனால் பெருக்கத்தைக் குறைக்க விரும்புபவர் உரமிட்டு உணவு வளர்ப்பானேன்? மிகுதியாகிவிட்டது என்று வருந்தும் பொருளை ஊட்டி வளர்ப்பவர் உலகில் உண்டோ? விதைப்பவர் விரும்புவது மான் குறைவதையன்று. கொழுத்த மான் தம் பரணுக்கு எதிரே வந்து நிற்பதையே.

இரண்டாவது, அந்தப் பயிரை முயலும் பறவையும் தேனீயும் உண்கின்றன. சுடப்படுவது சில மான்களே, பசியாறுவது பல உயிர்கள் என்பது. இதுவும் பொய்யன்று. ஆனால் அறத்தைக் கூட்டல் கழித்தல் கணக்காக்க இயலாது. நூறு பேருக்குச் சோறிட்டவன் நூற்றொன்றாமவனுக்கு நஞ்சிட்டால் நீதிமன்றம் அவனுடைய அன்னதானக் கணக்கைக் கேட்குமா?

மூன்றாவது, வேட்டைக்காரர் செலுத்தும் பணத்தால்தான் அந்நாட்டில் காடுகள் காக்கப்படுகின்றன என்பது. 1937 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்கு வழங்கப்படுகிறது. அதனால் நன்மை விளைந்திருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் காட்டைக் காக்கப் பணம் தருவது ஒரு செயல். அக்காட்டு உயிரைக் கொல்வது வேறொரு செயல். முன்னதைச் செய்யப் பின்னது இன்றியமையாதது என்று எவரும் நிறுவவில்லை.

இனி நம் ஆகமங்களின் வழியே நோக்குவோம். இல்லறத்தார்க்கு ஹிம்சை நால்வகையாகப் பிரித்துக் கூறப்பட்டுள்ளது. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுச் செயல்களால் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலால் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. கொல்ல வேண்டும் என்றே எண்ணிக் கொல்வது சங்கல்ப ஹிம்சை. முதல் மூன்றிலும் இயன்றவரை கருத்தோடிருக்க வேண்டும். நான்காவதை முற்றிலும் விலக்க வேண்டும். பன்றி புகுந்த வயலைக் காக்கும் உழவரின் துயரம் உண்மையானது. அவருக்கு வேலியும் இழப்பீடும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை. ஆயினும் பழத்துக்குள் வெடி வைக்கும் கணத்தில் அவர் காப்பதை விட்டுக் கொல்வதற்கு மாறிவிடுகிறார். மானுக்குப் பயிரிடுபவரோ எதனையும் காக்கவில்லை. அவர் செயல் தொடக்கத்திலிருந்தே சங்கல்பம். விதை மண்ணில் விழும்போதே வேட்டை தொடங்கிவிடுகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகையான பாரம் ஏற்றுதல் ஆகிய நான்கோடு ஐந்தாவதாக உணவையும் நீரையும் மறுத்தலைச் சேர்க்கிறது. உணவை மறுப்பதே விரதத்துக்குக் குற்றம் என்றால், உணவைக் கொடுத்து அந்த நம்பிக்கையின் மேல் நின்று உயிரை வாங்குவதை என்னவென்பது? மறுக்கப்பட்ட விலங்கு வேறிடம் தேடிச் செல்லும். நம்பிய விலங்கு நாளையும் அதே இடத்துக்கு வரும்.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் அனர்த்ததண்டத்தின் பிரிவுகளுள் ஹிம்சாதானம் என்பதையும் வைத்திருக்கிறது. கொலைக்குப் பயன்படும் கருவிகளைப் பிறருக்கு வழங்குவது அது. அந்நூலின் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் வீடுகளில் ஓதப்படுவதே. கத்தியும் நஞ்சும் மட்டுமா கொலைக்கருவி? கொலைக்கென்றே கேட்கப்படும்போது, கேட்பவர் நோக்கம் நமக்குத் தெரிந்திருக்கும்போது, நிலமும் நீரும் நெல்லும்கூடக் கருவியே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்று நம் முன்னோர் கூறியது, ‘நான் தொடவில்லை’ என்று சொல்லித் தப்பும் மனத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்ததனால்தான்.

அத்தகைய மனம் எனக்கும் இருந்தது. கடிதத்துக்கு உடனே விடை எழுத இயலாமைக்குக் காரணம் அதுவே.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், எங்கள் குடும்பத்துக்குத் தண்ணீர் வடியாத ஒரு தாழ்ந்த வயல் இருந்தது. சம்பா அறுவடைக்குப் பின் அதனைச் சில வாரங்களுக்குக் கேட்டு ஒருவர் வந்தார். “மடையைக் கட்டித் தண்ணீரை நிறுத்தி வைக்கிறேன் அம்மா, கொஞ்சம் நெல்லும் தெளித்து விடுகிறேன், பறவைகள் வரும்” என்றார். சிறு தொகையும் தந்தார். பறவைகள் வருமே என்று மகிழ்ந்தேன். வந்தன. பிள்ளைகளை அழைத்துச் சென்று வரப்பின் மீது நிறுத்தி, இது நாரை, இது மடையான், இது நீர்க்காகம் என்று பாடமும் நடத்தினேன். பறவைக்காகவா ஒருவர் பணம் தந்து வயலை எடுப்பார் என்று ஒருமுறை மனத்தில் தோன்றியது. தோன்றியதை மேலும் தொடராமல் நிறுத்திக்கொண்டேன். ஒரு நாள் விடியற்காலையில் அவ்வழியே சென்றபோது வலையையும், இறக்கைகள் பின்னப்பட்டுக் கூடைக்குள் கிடந்த மடையான்களையும் கண்டேன். அவை கத்தவில்லை, கண்கள் மட்டும் திறந்திருந்தன. கூடையைத் திறந்துவிடச் செய்தேன். வயலையும் திரும்பப் பெற்றேன். ஆனால் முந்தைய நாள்களில் சென்ற கூடைகளை நான் திறக்கவில்லை. வாங்கிய பணம் செலவாகியிருந்தது. என் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுள் ஒருத்தி, “டீச்சர், அந்தப் பறவையெல்லாம் எங்கே?” என்று கேட்டாள். வேறு ஊருக்குப் பறந்துவிட்டன என்று சொன்னேன். அந்தப் பொய்யையும் சேர்த்தே இன்றுவரை ஆலோசனை செய்து வருகிறேன்.

தெரியாமல் செய்தேன் என்று கூறிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கத் தேர்ந்தேன். நூல்கள் பிரமாதம் என்று கூறுவது இதனைத்தான் என்பது அன்று விளங்கியது. கவனக்குறைவு என்று அதனை மொழிபெயர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். கவனிக்க விருப்பமின்மையும் அதற்குள் அடங்கும்.

நேமிநாதரின் வரலாற்றை இங்கே நினைவுகூர வேண்டும். மணமகனாக ஊர்வலம் வந்தவர் வழியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். இவை எதற்காக என்று வினவினார். தம் திருமண விருந்துக்காக என்று அறிந்ததும் தேரைத் திருப்பினார். அவ்விலங்குகளை அவர் அடைக்கவில்லை, அடைக்கச் சொல்லவுமில்லை. நான் செய்யவில்லை என்று கூற அவரினும் உரிமையுடையவர் எவர்? எனினும் அவர் கேட்டார். கேட்டதனால் அறிந்தார், அறிந்தபின் அவ்வழியே செல்லவில்லை. நமக்கும் அவருக்கும் உள்ள தொலைவு பெரிது. ஆனால் ‘இது எதற்காக?’ என்று வினவும் அந்த முதற்படி இல்லறத்தார்க்கும் எட்டக்கூடியதே.

ஆகார தானமும் அபய தானமும் பிரிக்கக்கூடியவையல்ல என்று இப்போது கருதுகிறேன். உண்ணும் உயிருக்கு அச்சமின்மையை உறுதி செய்யாத உணவு தானமாகாது, அது இரை. இரைக்கும் ஈகைக்கும் உள்ள வேறுபாடு தானியத்தில் இல்லை. கொடுப்பவன் அதனால் எதனைப் பெற நினைக்கிறான் என்பதில் இருக்கிறது. பரத்பூரே இதற்குச் சான்று. வேட்டைக்கென உருவான அதே சதுப்பு, அதே நீர், அதே வழியாக வரும் பறவைகள். 1972 வரை மன்னர் குடும்பத்துக்கு அங்கே வேட்டையுரிமை இருந்தது. அதன்பின் துப்பாக்கி ஓய்ந்தது. அபயம் சேர்ந்தவுடன் கொலைக்களம் புகலிடமாயிற்று. நம் வேடந்தாங்கல் மக்களோ தொடக்கத்திலேயே அதனை அறிந்திருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798 ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். பறவை எச்சத்தால் ஏரி நீர் வளம் பெற்றுத் தம் வயல் செழிப்பதையும் அவர்கள் அறிவார்கள். பயன் பெறுவது பாவமன்று. உயிரைக் கொள்ளாமலே பெறும் பயன் அது.

அத்துடன் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் சிந்தியாமல் இடும் உணவு தீங்காகலாம். மலைப்பாதையில் ஊர்தியை நிறுத்திக் குரங்குக்குப் பழம் எறிகிறோம். அது சாலையோரத்தில் காத்திருக்கப் பழகி அடுத்த ஊர்தியில் அடிபடுகிறது. பழக்கப்படுத்தியவர் எவரோ, அந்தப் பழக்கத்தின் விளைவில் அவருக்கும் பங்குண்டு.

மாணவருக்கு எழுதிய விடை இது: நிலத்தைத் தர வேண்டாம். அண்டை வீட்டாரைப் பழிக்கவும் வேண்டாம். அவர் தாம் வளர்ந்த முறையில் நடக்கிறார். காரணத்தைப் பணிவோடு அவரிடம் கூறுங்கள். அந்த மூலையைத் தரிசாக விடுங்கள். அல்லது நீங்களே எதையேனும் விதைத்து, இங்கே எவரும் சுடலாகாது என்று பலகை வையுங்கள். உங்கள் வேலிக்கு அப்பால் நடப்பதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் நிலத்துக்குள் வந்து மேயும் உயிர், தான் நம்பி வந்தது சரிதான் என்னும்படி திரும்பிச் செல்லட்டும்.

இங்குள்ள அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபங்குடி, மன்னார்குடிப் பகுதிகளிலும் திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளிலும் நம்மவர் பலருக்கு நிலமுண்டு. பலர் நகரங்களில் வாழ்ந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அறுவடைக்குப் பின் அந்நிலத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். ஏரி, குட்டை, தோப்பு எதனையும் குத்தகைக்கு விடும்போது வலை, கண்ணி, நஞ்சு, வெடி ஆகியவை கூடாது என்று வாய்ச்சொல்லாகவேனும் நிபந்தனை கூறுங்கள். மீறி நடந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்கத் தயங்காதீர்கள். பிடிப்பவர் பெரும்பாலும் ஏழை என்பதையும் மறவாமல், அவருக்கு வேறு வேலை கிடைக்க நம்மால் இயன்றதைச் செய்வோம்.

வஞ்சனை உடையவர் விலங்குப் பிறவி எய்துவர் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. இளமையில் இதனைத் தண்டனை என்றே நினைத்திருந்தேன். இப்போது இதனை ஒரு பாடமாகவும் காண்கிறேன். இரை வைத்தவன், தூவிய நெல்லின் முன் பசியோடு வந்து நிற்கும் உயிரின் இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நின்று பார்ப்பதற்கு மறுபிறவி வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அறம் வளர்க! எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க!